மூன்று குடுக்கை ஈசலும் ஒரு முள்ளம்பன்றி வீட்டுக் கல்யாணமும்

ஒரு காட்டில் தை மாதம் பிறந்துவிட்டால் போதும், எந்த மரத்தடியைப் பார்த்தாலும் பந்தல்தான். பகலெல்லாம் வளைக்குள் தூங்குகிற முள்ளம்பன்றிகள்கூட முகூர்த்த நாள் என்றால் விடிவதற்குள் குளித்துவிட்டு நிற்கும்.

அந்தக் காட்டில் வேலப்பன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தார். கிழங்கு வியாபாரம். நல்லவர், உழைப்பாளி. ஆனால் எதற்கும் பேரம் பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஓடையில் தண்ணீர் குடிக்கப் போனால்கூட, "ரெண்டு வாய் குடிச்சா மூணாவது வாய் சும்மாதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் குனிவார்.

அவருடைய ஒரே மகள் பூவாயிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மலையைச் சேர்ந்தவன். மாப்பிள்ளையின் அப்பா சடையப்பர் சகுனம் பார்ப்பதில் பெரிய ஆள். எதிரே ஓணான் வந்தால் வீட்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டு மறுபடி கிளம்புவார். இப்படிப்பட்ட சம்பந்தி கிடைத்திருக்கும்போது கல்யாணத்தில் ஒரு சின்னக் குறையும் வரக்கூடாது என்று வேலப்பனின் மனைவி குருவம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பந்தல் ஆயிற்று. பந்திக்குக் கிழங்கு ஆயிற்று. பாட்டுதான் பாக்கி.

அந்தக் காட்டில் பாட்டு என்றால் துடுப்புவால் கரிச்சான்தான். உடம்பெல்லாம் கறுப்பு. வாலில் இரண்டு நீள இறகுகள், நுனியில் மட்டும் வட்டமாக விரிந்திருக்கும். குயில், மயில், மந்தி, தவளை என்று காட்டில் யாருடைய குரல் வேண்டுமானாலும் அவன் தொண்டையிலிருந்து வரும். தாளத்துக்கு ஒரு மரங்கொத்தி. நாலு மூலைக்கும் சத்தம் கேட்கச் சில்வண்டுகள். விசேஷம் எந்த மரத்தடியில் என்றாலும் இந்தக் கூட்டத்தோடு அங்கேயே போய் இறங்கிவிடுவான். சின்னதுகள் எல்லாம் அவனை 'டிஜே கரிச்சான்' என்று கூப்பிடும்.

வேலப்பன் அவனைத் தேடிப் போனார்.

"கல்யாணமாண்ணே? ரொம்ப சந்தோஷம்" என்றான் கரிச்சான். "புள்ளிமானுங்க நிறைய வருவாங்களா? அவங்களுக்கு எந்தப் பக்கம் இடம் போட்டிருக்கீங்க? மந்திங்க உண்டா? மாப்பிள்ளை வீட்டுல வயசானவங்க எத்தனை பேர்? தாலி கட்டுறப்போ காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்கும்?"

வேலப்பனுக்கு எரிச்சலாக வந்தது. "நீ பாட்டுப் போட வர்றியா, இல்ல காட்டுக்குக் கணக்கெடுப்பு நடத்த வர்றியா? விலையைச் சொல்லுப்பா."

"மூணு குடுக்கை ஈசல் ஆகும்ண்ணே."

வேலப்பனின் முதுகில் இரண்டு முள் தானாக எழுந்தது. ஐப்பசி மழையில் கிளம்பும் ஈசலைப் பிடித்து, காயவைத்து, சுரைக்குடுக்கையில் அடைத்து வைப்பது லேசான வேலையா? அதில் மூன்று குடுக்கை!

"ஏன் தம்பி, நீ வாயைத் திறக்கப் போற, மூடப் போற. வெயில் ஏறுறதுக்குள்ள முடிஞ்சு போற வேலை. அதுவும் உன் சொந்தப் பாட்டா? குயில் பாட்டு குயிலோடது. மயில் சத்தம் மயிலோடது. ஊரார் பாட்டை எடுத்து விடுறதுக்கு மூணு குடுக்கையா?"

"பாட்டு ஊரார் பாட்டுதான்" என்றான் கரிச்சான். "எதை எப்போ விடணும்கிறதுதான் என் வேலை. முந்தின நாளே வந்து பந்தலைப் பாத்துட்டுப் போவேன். எனக்குத் தொண்டை கட்டிக்கிட்டா பாடுறதுக்குத் தம்பியையும் கூட்டிட்டு வருவேன். மரங்கொத்திக்கும் சில்வண்டுக்கும் இதுலதான் குடுக்கணும்."

"ஒண்ணரை."

"மூணுதான்ண்ணே."

"சரி, ரெண்டு. கல்யாணச் சாப்பாடும் போடுறேன்."

"எனக்குக் கிழங்கு ஆகாதுண்ணே" என்று கரிச்சான் சிரித்தான். கோபித்துக்கொள்ளவில்லை, விலையையும் இறக்கவில்லை.

வேலப்பன் விறுவிறுவென்று திரும்பி நடந்தார். வழியில் ஒரு மைனா குறுக்கே பறந்து வந்து உட்கார்ந்தான். அவன் வாயாடி. காதில் விழுந்ததை எல்லாம் அப்படியே ஒப்பிப்பான். எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

"மாமா! மூணு குடுக்கை கேட்டானாமே அந்தக் கறுப்பன்? அநியாயம்! எனக்கு ஒரே ஒரு குடுக்கை குடுங்க. அவன்கிட்ட இல்லாத சத்தம் எல்லாம் என்கிட்ட இருக்கு. பந்தலே அதிரும் பாருங்க!"

வேலப்பனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அங்கேயே பேசி முடித்தார்.

வீட்டில் குருவம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, உங்க கிழங்கை யாராவது 'மண்ணுல கிடக்குறதுதானே, சும்மா குடு'ன்னு கேட்டா எப்படி எகிறுவீங்க? ஒரே பொண்ணு கல்யாணத்துல போய் இதை மிச்சம் புடிக்கணுமா?"

"ரெண்டு குடுக்கை மிச்சம் புள்ள! பாட்டு எல்லாம் ஒண்ணுதான்" என்றார் வேலப்பன். அன்று அவர் சந்தோஷமாகத் தூங்கினார்.

கல்யாண நாள் வந்தது. பந்தல் நிறைந்துவிட்டது. புள்ளிமான்கள் நடுவில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. மந்திகள் மேல்கிளைகளில் இருந்தன. கிழங்கும் பழமும் தேக்கிலையில் மலைமலையாகக் குவிந்திருந்தன. சடையப்பர் தம் சனங்களோடு முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வேலப்பன் எல்லோரையும் கும்பிட்டுக் கும்பிட்டு வரவேற்றார். உள்ளுக்குள் அந்த இரண்டு குடுக்கையை நினைத்து ஒரு சிரிப்பும் சிரித்துக்கொண்டார்.

மைனா வந்தவுடன் ஆரம்பித்தான். குயில் பாட்டு. அது முடிவதற்குள் தவளை. தவளை பாதியில் நிற்க, மயில். கூட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கொட்டினான். ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

"இந்தச் சத்தம் யாருக்கும் உறைக்கலையே" என்று மைனாவுக்குக் கவலை வந்தது. போன கோடையில் எங்கேயோ கேட்ட ஒரு சத்தம் அவன் நினைவுக்கு வந்தது. மந்தி ஒன்று உச்சிக்கிளையிலிருந்து இருமுவதுபோல் போட்ட சத்தம்.

"கக்! கக்!"

பிள்ளைகளே, மந்தி அப்படிச் சத்தம் போட்டால் என்ன அர்த்தம் தெரியுமா? புலி வருகிறது என்று அர்த்தம். காட்டில் இதைத் தெரியாதவர்கள் பிறந்து ஒரு வாரமான குட்டிகளும் இந்த மைனாவும்தான்.

பந்தலில் இருந்த மான்கள் எல்லாம் சட்டென்று எழுந்து நின்றன. காதுகள் விறைத்தன. வால்கள் மேலே எழுந்தன. ஆபத்து என்றால் மான் முன்னங்காலால் தரையைத் தட்டும். ஒரு மான் தட்டியது. பக்கத்து மானும் தட்டியது.

மைனா அதைப் பார்த்தான். அவனுக்கு ஒரே குஷி. "அப்பாடா! எழுந்து ஆட ஆரம்பிச்சுட்டாங்க! காலால தாளம்கூடப் போடுறாங்களே!"

சரியாக அந்த நேரத்தில் மணமேடையில் மாலை மாற்றச் சொன்னார்கள். பூவாயி வெட்கத்தோடு மாப்பிள்ளை கழுத்தில் மாலையைப் போட்டாள். அவனும் அவள் கழுத்தில் போட்டான். மைனா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, தன்னால் முடிந்த மட்டும் உரக்கக் கத்தினான்.

"கக்! கக்! கக்! கக்!"

அவ்வளவுதான். மான் கூட்டம் பிய்த்துக்கொண்டு ஓடியது. பந்தல்கால் முறிந்தது. பந்தி இலைகள்மேல் குளம்புகள் இறங்கின. கிழங்கு ஒரு பக்கம், பழம் ஒரு பக்கம். மயில்கள் மரத்துக்குப் பறந்தன, காட்டுப்பன்றிகள் புதருக்குள் பாய்ந்தன.

முள்ளம்பன்றிகள் ஓடவில்லை. அவை பயந்தால் முள்ளைத்தான் சிலிர்க்கும். மணப்பெண் உடம்பு முழுக்க முள் எழுந்தது. மாப்பிள்ளைக்கும் எழுந்தது. இரண்டு மாலையும் சல்லடையாகி, நார் நாராகக் கிழிந்து, பூவெல்லாம் மேடையில் உதிர்ந்தது.

தூசி அடங்கியபோது பந்தலில் முள்ளம்பன்றிகளையும் மைனாவையும் தவிர யாரும் இல்லை. மேல்கிளையில் ஒளிந்திருந்த மந்தி ஒன்று கீழே பார்த்து, "எங்க ஆளு யாரும் கத்தலையே! இந்த மைனாதான் கத்தினான்!" என்றது. மைனா என்ன நடந்தது என்றே புரியாமல், "மாமா, அடுத்தது என்ன போடட்டும்?" என்று கேட்டான்.

சடையப்பர் எழுந்தார். அவர் முகம் கறுத்திருந்தது.

"மாலை போட்டவுடனே கிழிஞ்சு போச்சு. வாழ்த்துறதுக்குச் சபையில ஒருத்தரும் இல்லை. சபை இல்லாம நடக்கறது கல்யாணமா? எங்க குலத்துல அப்படிப் பழக்கம் இல்லைங்க."

"சம்பந்தி, கொஞ்சம் பொறுங்க..."

"வெயில் நடுப்பந்தலுக்கு வர்ற வரைக்கும் முகூர்த்தம் இருக்கு. அதுக்குள்ள சபையைக் கூட்டுங்க. இல்லேன்னா புள்ளையைக் கூட்டிக்கிட்டு ஆத்தைத் தாண்டிப் போயிடுவோம். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

பூவாயி மேடையில் உட்கார்ந்து கிழிந்த மாலையின் நாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்க்க வேலப்பனுக்குத் தைரியம் இல்லை.

காட்டுக்குள் ஓடினார். "புலி இல்லைங்க! எல்லாரும் திரும்பி வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

புதருக்குப் பின்னாலிருந்து ஒரு கிழமான் கேட்டது. "நீதானே வேலப்பா கூப்பிடுற? உன் பொண்ணு கல்யாணம் நின்னு போகக் கூடாதுன்னு நீ அப்படித்தான் சொல்லுவ. மந்தி கத்தினதை எங்க காதால கேட்டோமே!"

"அது மந்தி இல்லை, மைனா!"

"மைனாவை எதுக்குப்பா நீ அந்தச் சத்தத்தைப் போடச் சொன்ன?"

வேலப்பன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பந்தலுக்கு நடந்தார். திரும்பி வந்தவரிடம் குருவம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "கரிச்சானைக் கூப்பிடுங்க."

அன்று முகூர்த்த நாள். கரிச்சான் சும்மா இருப்பானா? ஓடைக்கரையில் முயல் நல்லக்காவின் குட்டிகளுக்குக் காதுகுத்து. அங்கே போயிருந்தான். வேலப்பன் மூச்சு வாங்க அங்கே போய் நின்றார்.

"தம்பி, உடனே கிளம்பு. மானம் போகுது. கல்யாணம் நின்னுடும்போல இருக்கு!" நடந்ததை எல்லாம் கொட்டினார். "மூணு இல்லை, பத்துக் குடுக்கை தர்றேன்!"

கரிச்சான் ஒரு கண்ணால் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் பதில் சொன்னான். "இங்க வேலை நடந்துக்கிட்டிருக்குண்ணே. பாதியில எப்படி விட்டுட்டு வர்றது?"

"பத்துக் குடுக்கைப்பா!"

"பத்துக்காக இன்னிக்கு இவங்களை விட்டுட்டு வந்தா, நாளைக்கு யாராவது பதினொண்ணு குடுத்தா உங்களை விட்டுட்டுப் போயிடுவேனேண்ணே. அப்புறம் என்னை எதை நம்பிக் கூப்பிடுவீங்க?"

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் வேலப்பன் ஓரமாக நின்றார். அப்போதுதான் முதல்முறையாக அவன் வேலை செய்வதைக் கவனித்தார்.

கடைசிக் குட்டியை மடியில் உட்கார வைத்திருந்தார்கள். முயலுக்கு உடம்பில் பாதி காது அல்லவா! ஊசியைக் கண்டதும் குட்டி உதட்டைப் பிதுக்கியது. கரிச்சான் பாட்டைத் தணித்தான். ஊசி கிட்டே வந்தது. குட்டி வாயைத் திறந்து அழப் போகும் நேரம் பார்த்து, சேற்றுத் தவளை வயிறு உப்பி ஏப்பம் விடுவதுபோல் ஒரு சத்தம் விட்டான். குட்டி திகைத்துப் போய், பிறகு கிளுக்கென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஊசி காதில் ஏறி இறங்கிவிட்டது. கூட்டமே சிரித்தது. உடனே மரங்கொத்தி தாளத்தைத் தூக்க, எல்லோரும் ஆட ஆரம்பித்தார்கள்.

"இதை நான் ஒண்ணரைக்குக் கேட்டேனே" என்று வேலப்பன் தமக்குள் முனகினார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

நல்லக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். நடந்ததைக் காதுகுத்துக்கு வந்தவர்கள் அதற்குள் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள்.

"மழையில நனைஞ்சு நனைஞ்சு ஈசல் புடிச்சு இவருக்கு மூணு குடுக்கை சேத்தேன் அண்ணே" என்றாள். "எல்லாக் குட்டிக்கும் காது குத்தியாச்சு. இனி பந்திதான். சாப்பிடுறப்போ பாட்டு இல்லேன்னா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. கரிச்சான் தம்பி, போயிட்டு வாங்க. பொண்ணு காரியம்."

அவள் சொன்ன பிறகுதான் கரிச்சான் மரங்கொத்தியையும் சில்வண்டுகளையும் கூட்டிக்கொண்டு சிறகை விரித்தான்.

பந்தலுக்கு வந்ததும் அவன் உடனே பாடவில்லை. மேலே ஒரு கிளையில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தான். மைனாவை, "கொஞ்ச நேரம் பேசாம இரு தம்பி" என்று பக்கத்தில் உட்கார வைத்தான். மான்களுக்கு நடுப்பந்தலில் இருந்த இடத்தை மாற்றி, ஓடிப் போக வழி தெரிகிற ஓரத்தில் போடச் சொன்னான். "வழி தெரிஞ்சாத்தான் அவங்க நிம்மதியா உட்காருவாங்க."

"பாட்டு?" என்றார் வேலப்பன். அவர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார்.

"வருதுண்ணே."

முதலில் தவிட்டுக்குருவிகளின் சளசளப்பு எழுந்தது. புலி பக்கத்தில் இருந்தால் தவிட்டுக்குருவி தரையில் இறங்கிச் சளசளக்குமா? பிறகு காட்டுக்கோழி சருகைக் கிளறும்போது போடும் மெல்லிய சத்தம். பிறகு வயிறு நிறைந்த மந்தி சும்மா உட்கார்ந்து விடும் "ஹூப்... ஹூப்". மேல்கிளையில் இருந்த நிஜ மந்தியும் பதிலுக்கு "ஹூப்" என்றது.

புதர் அசைந்தது. கிழமான் தலையை நீட்டியது. அண்ணாந்து பார்த்து, "நம்ம கரிச்சானா? ஆபத்து இருந்தா அவன் இந்தச் சத்தத்தை விடமாட்டான்" என்றபடி வெளியே வந்தது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக மற்ற மான்களும் வந்தன. மயில்கள் இறங்கின. சடையப்பர் திரும்பிப் பார்த்தபோது பந்தல் நிறைந்திருந்தது.

குருவம்மா உதிர்ந்த பூவில் நல்லதாகப் பொறுக்கி, சின்னதாக இரண்டு மாலை கட்டிக் கொடுத்தாள். வெயில் நடுப்பந்தலைத் தொட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. மாலை மாற்றும்போது கரிச்சான் வாயை இறுக மூடிக்கொண்டான். சில்வண்டுகளையும் நிறுத்திவிட்டான். ஒரு சத்தம் இல்லை, ஒரு முள் எழவில்லை.

தாலியை எடுத்ததும், "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று வேலப்பன் கையை ஆட்டினார். திடீரென்று சத்தம் கேட்டால் முள்ளம்பன்றிக்கு முள் சிலிர்க்கும் என்று மரங்கொத்திக்கு முன்பே சொல்லி வைத்திருந்தான் கரிச்சான். அதனால் மரங்கொத்தி முதலில் மெல்லத் தட்டினான். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். மூன்றாவது முடிச்சு விழும்போது காடே முழங்கியது. பூவாயி நிமிர்ந்து சிரித்தாள். வேலப்பன் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் வேலப்பன் பத்துக் குடுக்கையை எடுக்கப் போனார். கரிச்சான் தடுத்துவிட்டான். "என் விலை மூணுதான்ண்ணே. கல்யாணம் நல்லா இருந்தாலும் அதான், நெருக்கடின்னாலும் அதான்."

மூன்றைக் கொடுத்தார். இன்னொரு குடுக்கையை எடுத்து, "இது நல்லக்காவுக்கு. நான் குடுத்தேன்னு சொல்லு" என்றார். மைனாவுக்குப் பேசின ஒன்றையும் கொடுத்துவிட்டார். பாவம், அவன் தெரிந்தா செய்தான்?

இதையெல்லாம் சடையப்பர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இன்னொரு மகன் இருந்தான். மெல்லக் கரிச்சான் பக்கம் நகர்ந்தார்.

"தம்பி, பங்குனியில என் சின்னவனுக்குக் கல்யாணம். என்ன ஆகும்?"

"மூணு குடுக்கைங்க."

"மூணா! வந்து பாதி நேரம் சும்மாத்தானே உட்கார்ந்திருந்த? மாலை மாத்துறப்போ வாயே திறக்கலையே. அதுக்கும் சேத்தா மூணு?"

கரிச்சான் பதில் சொல்வதற்குள் வேலப்பன் நடுவில் வந்துவிட்டார்.

"அதுக்குத்தான் முக்கியமா குடுக்குறோம் சம்பந்தி. பேசாம மூணுக்குச் சரின்னு சொல்லுங்க. நான் இதே வேலையை ஒரு குடுக்கைக்குப் பேசி முடிச்சவன்."

பிறகு முறிந்த பந்தல்காலையும், மண்ணில் மிதிபட்டுக் கிடந்த கிழங்கையும், மகளின் கழுத்தில் இருந்த அந்தச் சின்ன மாலையையும் பார்த்தார்.

"எனக்கு மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு மட்டும் கேட்டுடாதீங்க."

நீதி: தேர்ந்த வேலைக்காரரின் கூலி அவர் வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் உரியதல்ல, தவறு நடக்காமல் அவர் காக்கும் கவனத்துக்கும் உரியது.